மஞ்சள் தூக்கல்

சுண்டு பிறந்த ஐம்பத்து நான்காவது நாள் அவளைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டுக்கு.

முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம், நாற்பத்தைந்து உயரம். பின்னால் வெள்ளை. நிழல் விழக் கூடாது. முகம் நேராக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். பிடித்திருப்பவரின் கை தெரியக் கூடாது. தலையே நிற்காத, அழுவதும் தூங்குவதும் தவிர வேறு தொழில் அறியாத ஓர் உயிரிடம் இத்தனையையும் ஒரே நொடியில் கேட்கலாமா என்று விதி எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

அவசரத்துக்குக் காரணம் அவள் கல்லீரல். கல்லீரல் பித்தம் சுரக்கிறது. அது மெல்லிய குழாய்கள் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. சுண்டு அந்தக் குழாய் அடைபட்டே பிறந்திருந்தாள். போக வழியில்லாத பித்தம் உள்ளேயே தேங்கிக் கல்லீரலை அரித்தது. மிச்சம் ரத்தத்தில் ஏறித் தோலிலும் கண்ணிலும் மஞ்சளாகத் தெரிந்தது. மருந்து கிடையாது. அடைபட்ட குழாயை வெட்டி எறிந்துவிட்டு, குழந்தையின் குடலிலிருந்தே ஒரு துண்டை எடுத்துக் கல்லீரலோடு நேராகத் தைக்க வேண்டும்.

"அறுபது நாளை ஒட்டிப் பண்ணிட்டா நல்லது. தள்ளத் தள்ள வாய்ப்பு கொறைஞ்சுக்கிட்டே போகும். தொண்ணூறு தாண்டினா கல்லீரல் இறுகிடும்மா" என்று மருத்துவர் சொன்னார். அதைச் செய்கிற கைகள் இந்த நாட்டில் இல்லை. எல்லை தாண்டி இருந்த ஒரு மருத்துவமனை நாள் கொடுத்தது. அன்று சுண்டுவுக்கு அறுபத்தாறு நாள் ஆகியிருக்கும். கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள், தொற்று வந்தால் அதுவும் போச்சு என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அதனால் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே எடுப்பது என்று முடிவானது. எடுக்கப் போவது அவள் அப்பா.

அவனை அச்சகத்தில் லென்ஸ் என்று கூப்பிடுவார்கள். பதினைந்து வருடமாகக் கலர் மெஷின் ஓட்டுகிறவன். கலர் அச்சு என்பது நாலே நாலு மையின் விளையாட்டு: நீலம், மெஜந்தா என்கிற ஊதாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கடுகைவிடச் சிறிய புள்ளிகளாக அவை பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குள் அது ஆப்பிளாகவும் வானமாகவும் மணப்பெண்ணின் கன்னமாகவும் கூடிவிடுகிறது. புள்ளிகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க மற்றவர்களுக்கு உருப்பெருக்கி வேண்டும். இவனுக்கு வேண்டாம். ஓடிவரும் தாளை ஒன்று உருவிப் பார்த்து, "மஞ்சள் ரெண்டு பாயின்ட் தூக்கல்" என்பான்; கருவியை வைத்துப் பார்த்தால் ரெண்டாகத்தான் இருக்கும். வேலை கொடுத்தவர்கள் மாதிரித் தாளைத் திருப்பி அனுப்பும்போது ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: மஞ்சள் தூக்கல், சிவப்பு கம்மி, முகம் கறுத்திருக்கு. எழுதினவர் யார், ஏன் எழுதினார் என்று கேட்பதில்லை. சீட்டில் உள்ளதைச் சரிசெய்து அனுப்பிவிடுவான். பதினைந்து வருடம் இப்படித்தான்.

அப்பேர்ப்பட்டவன் தன் மகள் மஞ்சளாக இருப்பதை நாற்பத்தாறு நாள் பார்க்கவில்லை.

எப்படி என்று கேட்டால், கண் அப்படித்தான் வேலை செய்கிறது. எந்த வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் மூன்று நிமிஷத்தில் அதற்குப் பழகி, அங்கே இருப்பதில் வெளுத்த பொருளை 'இதுதான் வெள்ளை' என்று வைத்துக்கொள்கிறது. அவர்கள் இருந்தது ஒரு கட்டடத்தின் பின்பக்கத்துத் தரைத்தளம். ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு ஆறடி எதிரே ஒரு கிடங்கின் சுவர், அதற்குக் கடுகு நிறச் சாயம். பகல் வெளிச்சம் அந்தச் சுவரில் மோதிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். விளக்குப் போட்டால் அதுவும் மஞ்சள் பல்பு. அந்த வீட்டில் தலையணை உறையும் பாலும் சுண்டுவும் ஒரே சாயலில் இருந்தன. பிறந்த குழந்தைக்குக் கொஞ்சம் மஞ்சள் இருக்கும், போய்விடும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய்விட்டது என்றே நினைத்திருந்தான்.

ஆறாம் வார ஊசிக்கு நாலு நாள் தள்ளிப் போனபோது நர்ஸ் குழந்தையின் இமையை விரலால் விரித்தாள். "கண்ணு வெள்ளையப் பாத்தீங்களா?" என்றாள். பார்த்தார்கள். பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "அப்பா என்ன வேலை பாக்கறீங்க?"

"பிரஸ்ல. கலர் மெஷின்."

நர்ஸ் இமையை விட்டுவிட்டுக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினாள். ஏதாவது சொல்லித் திட்டியிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

அதனால்தான் படம் எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவன் அத்தனை கவனமாக இருந்தான். வீட்டுக்குள் கூடவே கூடாது. சுவரின் சாயம் முகத்தில் ஏறும். கட்டடத்தின் மாடிப்படி முடிகிற இடத்தில் மொட்டை மாடிக்கு ஒரு கதவு உண்டு. அது வடக்குப் பார்த்தது. நேர் வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. மேகம் போட்ட காலை பத்து மணி. மேகம் என்பது வெயிலுக்கு மேல் போர்த்திய பெரிய வெள்ளைத் துணி. அதன் அடியில் நிழலுக்குக் கூர்மை இருக்காது, நிறத்துக்குப் பொய் இருக்காது.

துணி அவன் மனைவியின் பொறுப்பு. அவள் திரைச்சீலை தைக்கிறவள். "வெள்ளைன்னு கடையில குடுக்கறதெல்லாம் வெள்ளை இல்ல. ஒண்ணுல நீலம் ஓடும், ஒண்ணுல பாலாடை ஓடும்" என்று நாலு துணியைத் தள்ளிவிட்டு, திரைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் கனத்த துணி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுருக்கம் போகத் தேய்த்து, மடிக்காமல் உருளையாகச் சுற்றி எடுத்துவந்தாள். மடித்தால் கோடு விழும். கோடு படத்தில் தெரியும்.

மூன்றாவது ஆள் அவள் தம்பி. வாடகை வண்டி ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன்.

படுக்கவைத்து மேலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். தலையைச் சுற்றித் துணி குழிந்து நிழல் கட்டியது. தூக்கிப் பிடித்து எடுத்தால் விரல் தெரிந்தது. கடைசியில் லென்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு சேர்த்துத் துணியைப் போர்த்தினான். அவள் மடியில், துணிக்கு வெளியே, குழந்தை. துணிக்கு உள்ளிருந்து அவள் கை குழந்தையின் பிடரியைத் தாங்கும். படத்தில் குழந்தையும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கும்.

"அக்கா, மூச்சு விடாத. துணி ஆடுது" என்றான் தம்பி.

"நான் மூச்சு விடாம போனா உனக்குத்தான்டா கொண்டாட்டம்" என்றது துணி.

"லென்ஸ் மாமா, இப்ப அமுக்குங்க. கண்ணைத் தொறந்திருக்கா."

"வாயும் தொறந்திருக்கு மச்சான்."

"அது கொட்டாவி. கொட்டாவிக்குமா பாஸ்போர்ட் குடுக்க மாட்டானுங்க?"

லென்ஸ் நாலடி தள்ளி மண்டியிட்டிருந்தான். கிட்டப் போனால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். தள்ளி நின்று பெரிதாக்கி எடுத்தால்தான் முகம் முகமாக வரும். கேமராவின் உயரம் குழந்தையின் கண் உயரத்துக்கு இருக்க வேண்டும். தம்பி அவன் தலைக்கு மேல் வண்டிச் சாவிக்கொத்தை ஆட்டினான். சுண்டு சாவியைப் பார்க்காமல் மாமனின் மீசையைப் பார்த்தாள்.

துவைத்த துணி உலர்த்த மேலே வந்த மூன்றாம் மாடி அம்மாள், நாற்காலியில் தலையோடு வெள்ளை போர்த்தி உட்கார்ந்திருந்த உருவத்தைக் கண்டதும் வாளியைக் கீழே போட்டாள். "ஐயையோ! யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. போட்டோ" என்றது துணி.

"போட்டோவா? உயிரே போயிடுச்சு எனக்கு!" வாளியைப் பொறுக்கிக்கொண்டவள் குழந்தையைப் பார்த்தாள். "நல்லபடியா ஆகும்மா" என்று துணியின் தோளைத் தொட்டுவிட்டு, உலர்த்தாமலே இறங்கிப் போனாள்.

எண்பத்தேழு படம். அறுபத்து மூன்றாவது படத்தில் எல்லாம் கூடி வந்திருந்தது. முகம் நேர், கண் திறப்பு, வாய் மூடல். ஏதோ யோசனையில் இருக்கிறவள் போல் சுண்டு உலகத்தைப் பார்த்திருந்தாள். கீழே வந்து பழைய மடிக்கணினியில் ஏற்றினான். உச்சந்தலையிலிருந்து தாடை வரை படத்தின் உயரத்தில் முக்கால் பங்கு வர வேண்டும். மயிர் குறைந்த தலையில் உச்சி எங்கே என்று தேடி, கோடு போட்டு, வெட்டினான். பாஸ்போர்ட் இணையதளத்தில் ஏற்றி அனுப்பினான்.

அந்தப் பக்கம் முதலில் பார்ப்பது மனிதர் அல்ல, ஒரு கணினி நிரல். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. அளவு, சரி. முகம், சரி. பின்னணி, சரி. மூன்றும் பச்சையில். நாலாவது சிவப்பில்: தோலின் நிறம் இயல்பாக இல்லை, படத்தை ஏற்க இயலாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி.

பொடி எழுத்தை அவன் படிக்கவில்லை. சிவப்பு வரியைப் பார்த்ததும் அது அவனுக்குச் சீட்டாகிவிட்டது. மஞ்சள் தூக்கல்.

கை தன் வேலையைத் தொடங்கியது. முதலில் துணியின் மேல் சுட்டியை வைத்து அளந்தான்: நீலம் மூன்று, மெஜந்தா இரண்டு, மஞ்சள் இரண்டு. துணி வெள்ளை. அப்படியென்றால் வெளிச்சத்தில் பிழை இல்லை, கேமராவிலும் இல்லை. பிறகு கன்னத்தில் வைத்தான்: மெஜந்தா நாற்பத்து நாலு, மஞ்சள் எழுபத்தெட்டு. நல்ல குழந்தைத் தோலுக்கு மஞ்சள், மெஜந்தாவைவிட ஏழெட்டுப் புள்ளி மேலே நிற்கும், அவ்வளவுதான். வருடாவருடம் நாள்காட்டிக்குக் குழந்தைப் படம் அடிக்கிறவனுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். துணியைத் தொடாமல் தோலை மட்டும் வளைத்துப் பிடித்து இறக்கினான். எழுபது. அறுபத்து நாலு. ஐம்பத்தெட்டு. ஐம்பத்து இரண்டில் நிறுத்தினான். கண்ணின் வெள்ளை தனி வேலை. மயிரிழைத் தூரிகையால் ஓரம் ஓரமாக எடுத்தான்.

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்த மனைவி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"யாருங்க இது?"

"யாரா? நம்ம சுண்டுதான்."

அவள் குனிந்தாள். திரையிலிருந்த குழந்தைக்குக் கன்னத்தில் ரத்தம் இருந்தது. கண் பளிச்சென்று இருந்தது. தம்பியும் எட்டிப் பார்த்தான்.

"அவ இப்படித்தான் இருந்திருப்பா, இல்ல?" என்றாள்.

லென்ஸ் அனுப்பும் பொத்தானை அமுக்கப் போனான். "கொஞ்ச நேரம் மூடாதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் மூடாமல் வைத்திருந்தான். பிறகு அனுப்பினான். நாலும் பச்சையாக வந்தது. நாளை மறுநாள் காலை பதினொன்றுக்கு நேரில் வரச் சொல்லி நேரமும் கொடுத்தது.

பாஸ்போர்ட் அலுவலகத்தின் கவுன்ட்டர்கள் கண்ணாடிச் சுவரை ஒட்டி இருந்தன. வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. கவுன்ட்டர் அம்மாள் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டிருந்தார். குழந்தையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

"இந்தக் குழந்தைதானா?"

"ஆமா மேடம்."

"படம் எங்க எடுத்தீங்க?"

"வீட்லயே. நான்தான் எடுத்தேன்."

"எடுத்தப்புறம் ஏதாவது திருத்தினீங்களா?"

லென்ஸ் மறைக்க நினைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் செய்ததாகவே அவனுக்குத் தோன்றவில்லை. "கலர் மட்டும் மேடம். மூஞ்சியத் தொடல. ஒரு கோடுகூட மாத்தல."

"எதுக்குத் திருத்தினீங்க?"

"மஞ்சள் ஜாஸ்தின்னு உங்க சிஸ்டம் தள்ளிடுச்சு."

"குழந்தை மஞ்சளா இருக்கு சார். அப்போ படமும் மஞ்சளாத்தானே இருக்கணும்?" அவர் குரலில் கோபம் இல்லை. "கீழ ரெண்டு வரி போட்டிருக்குமே, படிக்கலியா? உடம்பு சரியில்லாததால நிறம் மாறியிருந்தா, டாக்டர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கி அதே படத்தோட இணைங்கன்னு. இணைச்சிருந்தா இன்னைக்கே முடிச்சுக் குடுத்திருப்பேன்."

"அப்போ இப்ப இணைச்சிடறேன். திருத்தாத படம் அப்படியே இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு மணி நேரத்துல கடுதாசி வாங்கிட்டு வந்துடறேன்."

"இப்ப முடியாது."

"ஏன் முடியாது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரு குழந்தை படத்தக் குடுத்து வேற குழந்தையக் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. பச்சக் குழந்தைங்கன்னா மூஞ்சி எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். நிறம்தான் பெரிய அடையாளம். திருத்தின படம்னு நீங்களே சொல்லிட்டீங்க. கேட்டப்புறம் நான் விசாரணைக்கு அனுப்பித்தான் ஆகணும். அனுப்பலைன்னா என் வேலை போயிடும். வேலை போனாலும் பரவால்ல, நாளைக்கு எந்தக் குழந்தையாவது காணாமப் போயிடும்."

"எத்தனை நாள் மேடம்?"

"பதினாலு வேலை நாள்."

"அறுபத்தாறாவது நாள் ஆப்பரேஷன். இன்னைக்கு அம்பத்தாறு."

அவர் விரல் மடக்கி எண்ணுவது தெரிந்தது. "அவசரம்னு மேல எழுதறேன். அதுக்கு மேல என் கையில இல்ல சார்."

எழுதினார். கொட்டை எழுத்தில், அடிக்கோடு இட்டு எழுதினார். அது எந்த மேஜையையும் ஒரு நாள் முன்னதாகத் தாண்டவில்லை.

வண்டியில் திரும்பும்போது தம்பி கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்காமல் ஓட்டினான். மூன்று சிக்னல் தாண்டி மனைவி கேட்டாள்: "கீழ எழுதியிருந்தத ஏன் படிக்கல?"

லென்ஸ் உள்ளதைச் சொன்னான். "சிவப்புல வந்துச்சா... பிரஸ்ல சீட்டு வர்ற மாதிரியே இருந்துச்சு. மஞ்சள் தூக்கல்னு வந்தா கொறைக்கணும். கொறைச்சுட்டேன்."

"சுண்டு என்ன காலண்டரா?"

வீடு வந்து இறங்கும்போது தம்பி, "விடுக்கா, மாமா வேணும்னேவா பண்ணாரு?" என்றான். "வேணும்னு பண்ணலன்னுதான்டா எனக்கு ஆத்தாமையா இருக்கு. வேணும்னு பண்ணியிருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன்" என்றாள்.

அறுபத்தாறாவது நாள் வந்தது, போனது. எல்லைக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனை அந்தக் கட்டிலை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, எண்பத்து நான்காவது நாளைக் குறித்துக்கொடுத்தது. லென்ஸ் தினமும் விசாரணைப் பிரிவுக்குப் போனான். ஊரார் முன்னால் தலைநிமிராமல், எந்த அறைக்கு எந்தக் கதவு என்று தெரிந்துகொண்டு, நாற்காலிக்கு நாற்காலி நின்றான். குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் கேட்டார்கள், கொடுத்தான். கால் ரேகை கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தான். தன் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். 'இந்தப் படத்தில் இருப்பது என் மகளின் உண்மையான நிறம் அல்ல, அது நான் செய்த நிறம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

எழுபத்தாறாவது நாள் விசாரணை முடிந்தது. திருத்தாத புதுப் படமும் மருத்துவர் கடிதமும் கொண்டுவரச் சொன்னார்கள்.

மறுபடியும் மாடிப்படி உச்சி, அதே துணி, அதே நாற்காலி. தம்பி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அதற்கு வேலை வரவில்லை. மூன்றாவது படமே சரியாக விழுந்தது. முகம் ஆடவில்லை, வாய் திறக்கவில்லை. சுண்டுவுக்கு அழத் தெம்பில்லை.

கணினியில் ஏற்றி அளவு வெட்டினான். நிறத்தைத் தொடவில்லை. ஆனால் சுட்டி கன்னத்தின் மேல் போய் நின்றது. நிற்காமல் இருக்க அவனால் முடியவில்லை. மஞ்சள் தொண்ணூற்றொன்று. நீலமும் ஏறியிருந்தது, மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை தட்டும். கன்னத்தின் பள்ளத்தில் பச்சை தட்டியிருந்தது.

"எவ்வளவு?" என்று மனைவி கேட்டாள். அவளுக்கு இப்போது அந்தக் கணக்கு தெரியும்.

"தொண்ணூத்தொண்ணு."

"அன்னைக்கு?"

"எழுபத்தெட்டு."

அவள் கழிக்கவில்லை. அவன் கழித்துக்கொண்டான். அந்தப் பதிமூன்றும் முழுக்கத் தன் கணக்கில் வராது, நோய் தன் பாட்டுக்கு ஏறியிருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பு நிற்கவில்லை. படத்தை அப்படியே அனுப்பினான். சிவப்பு வந்தது. கீழே இருந்த பொடி எழுத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கடிதத்தை இணைத்தான். நாலாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அதற்குள் இருந்த படம் மஞ்சளாகவே இருந்தது.

எண்பத்து நான்காவது நாள் அறுவை நடந்தது. ஐந்து மணி நேரம். வெளியே வந்த மருத்துவர் நின்றபடியே சொன்னார்: "கல்லீரல் இறுக ஆரம்பிச்சிருக்கு. தைச்சிருக்கோம். பித்தம் எறங்குதான்னு இனிமேதான் தெரியும். ரெண்டு வாரம் பாப்போம். எறங்கலைன்னா உங்கள்ல ஒருத்தர் கல்லீரல்லேருந்து ஒரு துண்டு வெட்டி வைக்கணும். அதுக்குக் குழந்தைக்கு எடை ஏறணும். இப்ப நாலு கிலோகூட இல்ல."

பித்தம் இறங்குகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. மலத்துக்கு நிறம் கொடுப்பதே பித்தம்தான். பித்தம் வராத குழந்தையின் மலம் சுண்ணாம்புபோல, ஈரக் களிமண்போல வெளிறிக் கிடக்கும். வந்துவிட்டால் மஞ்சள் ஏறும். வார்டு நர்ஸ் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆறு கட்டம். மேல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று: வெளிறியவை. கீழ் வரிசையில் நாலு, ஐந்து, ஆறு: மஞ்சளும் பச்சையும். "தெனமும் காலையில நாப்கின் பக்கத்துல வச்சு எந்த நம்பரோட ஒத்துப்போகுதுன்னு சொல்லுங்க. கீழ் வரிசைக்கு வந்துட்டா பித்தம் எறங்குதுன்னு அர்த்தம்" என்றாள்.

அட்டையை வாங்கியதும் லென்ஸ் அதைச் சாய்த்துப் பார்த்தான். நல்ல அச்சு, புள்ளி பிசகவில்லை. தன் மெஷினில் அடித்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாக வந்திருக்காது.

முதல் நாள் ஒன்று. பிறகு நாலு நாள் ஒன்று. ஆறாம் நாள் இரண்டுக்கு வந்தது. மனைவி அன்றைக்குச் சாப்பிட்டாள். அதற்கு மேல் அது நகரவில்லை; இரண்டிலேயே உட்கார்ந்துகொண்டது. வாழ்நாளெல்லாம் மஞ்சளைக் குறைத்துக் கூலி வாங்கினவன், ஒவ்வொரு காலையும் நாப்கினைப் பிரித்து அதில் ஒரு துளி மஞ்சளுக்கு ஏங்கினான்.

பதினாலாம் நாள் காலை, மனைவி நாப்கினைப் பிரித்தவள் அவசரமாகக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க. நாலு. நாலுதானே?"

கட்டிலின் மேல் சுவரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் அது நாலுபோலத்தான் இருந்தது. நர்ஸ் குறிப்பேட்டைத் திறந்து பேனாவோடு நின்றாள்.

லென்ஸ் நாப்கினையும் அட்டையையும் ஜன்னலுக்கு எடுத்துப்போனான். வெளியே மேகம் போட்டிருந்தது. உடனே பார்க்கவில்லை. சாம்பல் நிறத் தரையைக் கொஞ்ச நேரம் வெறித்தான்; விளக்கின் மஞ்சள் கண்ணிலிருந்து கழிய இரண்டு நிமிஷமாவது ஆகும்.

"எவ்வளவு நேரம் பாப்பீங்க? நாலுன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவன் அட்டையின் நாலாம் கட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தான். எடுத்தான். மூன்றை வைத்தான். எடுத்தான். இரண்டை வைத்தான். எடுத்தான். நாலு என்று சொன்னால் நர்ஸ் எழுதிக்கொள்வாள். இன்று ஒரு பகல் மனைவி அந்த நாலின் நம்பிக்கையில் இருப்பாள். கல்லீரல் துண்டு வெட்டி வைக்கிற ஏற்பாடு ஒரு நாள் தள்ளிப்போகும்.

"ரெண்டு" என்றான்.

"நல்லாப் பாருங்க!"

"பாத்துட்டேன்மா. ரெண்டுதான்."

நர்ஸ் எழுதினாள். பக்கத்தைப் புரட்டி, குரலை மாற்றாமல் அடுத்ததைக் கேட்டாள்: "உங்க ரெண்டு பேர் ரத்த வகையும் சொல்லுங்க."

அவன் வாய் திறப்பதற்குள் மனைவி தன்னுடையதைச் சொல்லி முடித்திருந்தாள். "எங்கிட்டேருந்தே எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு புது நாப்கினை விரித்து, குழந்தையின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க, அந்தக் குட்டிக் கம்பளியை எடுங்க. எடை ஏறணும்னாரு டாக்டர். பால் நேரம் ஆயிடுச்சு" என்று அவனைப் பார்த்தாள்.